ரெக்கார்டில் கொள்ளாத நான்காம் பகுதி

"இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது?" என்று என்னிடம் கேட்காத நிருபர் கிடையாது. நாற்பது வருடங்களாக நானும் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். என் அக்கா ஒரு நாவல் எழுதினாள், அதைப் படித்து நான் அழுதேன், அழுத கையோடு கீபோர்டில் உட்கார்ந்தேன், பாட்டு வந்தது. கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். சொல்லிச் சொல்லி எனக்கும் நன்றாகவே கலங்க வரும். இதில் அக்கா நாவல் எழுதினாள் என்பது மட்டும்தான் நிஜம். மிச்சமெல்லாம் உங்கள் காதில் நான் சுற்றிய பூ.

அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பார்த்திருக்க வேண்டிய வேலை அதுவல்ல. பதினெட்டு வயதில், கட்டடக் கலை படிக்க வெளியூர்க் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. கிடைத்த விஷயம்தான் அவளுக்குத் தெரியாது. எங்கள் அப்பா தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிறவர். சுவர் நீளத்துக்கு ஒரு மர அலமாரி, அதில் தெருவுக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன அறைகள். எங்கள் தெருவுக்கு நாற்பத்தோராம் அறை. கல்லூரியிலிருந்து வந்த உறையை அப்பா அந்த அறையில் போடவில்லை, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இடம் கிடைக்கவில்லை என்று அக்கா ஒரு மாதம் அழுதாள். அவளுக்கு ஆறுதல் சொன்னவரும் அப்பாதான்.

ஒன்பது வருடம் கழித்து, நூல் அறுக்க பிளேடு தேடியபோது, அப்பாவின் ஷேவிங் பெட்டியில் அடியில் விரித்திருந்த தாளுக்குக் கீழே அந்த உறை அகப்பட்டது. "ஏம்ப்பா?" என்று கேட்டாள். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. கத்தல் இல்லை, அடி இல்லை. அந்த வாரமே அக்கா வீட்டை விட்டுப் போய், கண்ணாடிக்கடைக்கு மேலே ஒரு அறையில் குடியேறினாள். கண் பரிசோதனைச் சீட்டுகளின் பின்பக்கத்தில், வாடிக்கையாளர்கள் வராத நேரமெல்லாம் எழுதினாள். இரண்டு வருடத்தில் நாவலாயிற்று. பெயர் 'நாற்பத்தோராம் அறை'.

கதை எங்கள் வீட்டுக் கதைதான். கடைசிக்கு முந்தைய அத்தியாயம் ஒரு கனவு. அப்பா தானே கடிதத்தைக் கையில் ஏந்தி, ஊர்கள் தாண்டி நடந்து வருகிறார். மகள் கதவைத் திறக்கிறாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். கடைசி அத்தியாயம் மூன்றே பக்கம். மகள் விழித்துக்கொள்கிறாள். கதவு பூட்டியிருக்கிறது. தனக்குள் மன்னிப்பு எங்காவது கிடக்கிறதா என்று தேடிப் பார்க்கிறாள், இல்லை. முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். அந்த மூன்று பக்கத்துக்காகத்தான் மிச்சப் புத்தகத்தையே எழுதினேன் என்று அக்கா என்னிடம் சொன்னாள். ஐந்நூறு பிரதி அச்சடித்தார்கள். நானூறு அவள் கட்டிலுக்கு அடியில் இருந்தன.

நாங்கள் அப்போது மூன்று பேர். பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவனுக்குத் 'தொண்டை' என்று பெயர், டிரம்ஸ்காரனுக்கு 'இடி', கீபோர்டுக்கு நான். டயர் கிடங்கு ஒன்றின் நிலவறையில் ஒத்திகை. மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டு என்றால் எங்களுக்கு இளப்பம். ஏழு எண்ணிக்கை, பதினொரு எண்ணிக்கை என்று கால் தட்ட முடியாத தாளங்களில், அரை மணி நேரம் ஓடுகிற பாட்டுகள்தான் எங்கள் சரக்கு. பத்திரிகைக்காரர்கள் அதற்குப் புரோகிரசிவ் ராக் என்று பெயர் வைத்தார்கள். இடியின் மனைவி வைத்த பெயர் 'எப்பதான் முடியும்'.

எங்களுக்கு ஒரு பெரிய பாட்டு தேவைப்பட்டது, கைக்கு எட்டும் தூரத்தில் அக்காவின் நாவல் கிடந்தது. எடுத்துக்கொண்டோம். நான்கு பகுதிகள். முதலாவதில் தபால் நிலையம். இரண்டாவதில் ஒன்பது வருடக் காத்திருப்பு, அதன் நடுவே என் கீபோர்டு மட்டும் தனியாக ஐந்து நிமிடம். இடது கை ஏழு எண்ண, வலது கை ஐந்து எண்ணும். அதற்காக எட்டு மாதம் சாதகம் செய்தேன், விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. மூன்றாவது பகுதி கனவு. கூட்டமே சேர்ந்து பாடும்படி ஒரு மெட்டு: 'கதவு திறந்தது அப்பா, கையில் கடிதம் அப்பா.' நான்காவதில் பாட்டே கிடையாது. டிரம்ஸ் மட்டும் பதினொரு எண்ணிக்கையில் நடக்க, அதன் மேல் அக்காவின் குரல். ஒரு மதியம் கடையில் சாப்பாட்டு இடைவேளை வாங்கிக்கொண்டு வந்து, மைக் முன்னால் நின்று, தன் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போனாள். ஒரே தடவை. "விழித்துக்கொண்டேன். கதவு பூட்டியிருந்தது. பூட்டியது நான்தான்." படிக்கும்போது அவள் குரல் நடுங்கவே இல்லை. எங்கள் மூன்று பேருக்கும்தான் என்னவோ செய்தது.

பிறகு வந்தது சிக்கல். பாட்டு முழுவதும் ரெக்கார்டின் ஒரே பக்கத்தில் வர வேண்டும், நடுவில் எழுந்துபோய்த் திருப்பிப் போட்டால் கதை அறுந்துவிடும். ஆனால் ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் திணித்தால் கோடுகள் நெருங்கிச் சத்தம் மெலிந்துவிடும் என்றார் ரெக்கார்டு வெட்டுகிற பொறியாளர். எங்களுடையது இருபத்தேழு நிமிடம். ஐந்து நிமிடம் போயாக வேண்டும்.

"உன் கீபோர்டைத் தூக்கு. அது இல்லாட்டி யாரும் தேட மாட்டாங்க" என்றான் தொண்டை. அதற்காக அவனை இன்றுவரை நான் முழுதாக மன்னிக்கவில்லை. இடி, எதை எடுத்தாலும் சரி, சீக்கிரம் எடுங்கள் என்றான்.

"நாலாவது பகுதியை எடுத்துடலாம். கேக்கறவங்க மனசு நெறைஞ்சு போகட்டுமே" என்றேன் நான்.

அக்காவின் கதை, அக்காவின் வாழ்க்கை, அக்காவின் குரல். அவள் தம்பி என்பதால் என் பேச்சுதான் எடுபட்டது. அவளிடம் போய், ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் வெட்டிவிட்டார்கள், நான் எவ்வளவோ மன்றாடினேன் என்று பூசி மெழுகினேன். அவள் ஒரு மூக்குக்கண்ணாடியின் காதுக் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிராமலே, "பரவாயில்லடா. நீ என்ன செய்வே" என்றாள்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. எங்களுக்கே அது எதிர்பாராதது. கனவோடு முடிகிற பாட்டு என்பதால் யாரும் அதைக் கனவு என்று எடுத்துக்கொள்ளவில்லை. மகள் மன்னித்துவிட்டாள், கதவு திறந்துவிட்டது, சுபம். நாவலை மறுபடி அச்சிட்டார்கள், அட்டையில் எங்கள் மூன்று பேர் படத்தோடு. வாங்கியவர்களில் பாதிப் பேர் கனவு அத்தியாயத்தோடு மூடி வைத்துவிட்டார்கள், முடிவுதான் தெரியுமே என்று. கடைசிவரை படித்தவர்கள், பின்னால் ஏதோ தவறாகச் சேர்ந்துவிட்டது என்று பதிப்பகத்துக்கு எழுதினார்கள். கண்ணாடிக்கடைக்குள் முன்பின் தெரியாதவர்கள் நுழைந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் பார்த்துத்தான் என் அப்பாவோடு பேசினேன் என்று அழுவார்கள். "நான் மன்னிக்கலைங்க" என்று ஒரு பேட்டியில் அக்கா சொல்லிப் பார்த்தாள். 'என்ன தன்னடக்கம்!' என்று தலைப்புப் போட்டார்கள். அதோடு அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

அப்பாவுக்கு வந்த வாழ்வைச் சொல்ல வேண்டும். வீட்டில் ரெக்கார்டு போடுகிற கருவிகூடக் கிடையாது, ஆனால் ரெக்கார்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். வருகிறவர்களிடம், "எம் பொண்ணு எழுதினது. நானும் அவளும் ஒண்ணு சேந்த கதை" என்பார். ரசிகர்கள் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். தபால் நிலையத்தில் ஓய்வு கொடுத்தபோது அந்தப் பாட்டைத்தான் போட்டார்கள். மகளுடைய கடிதத்தைத் திருடியவருக்கு, அதுவும் திருடின அதே கட்டடத்தில்.

ஒன்பது வருடத்துக்கு முன் அம்மா போனதும், எண்பத்து நாலு வயது அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. என் வீட்டில் நாலு அறை, ஆள் நான் ஒருத்தன். அக்காவுக்கு இரண்டு அறை. சித்தி அக்காவைப் பார்த்து, "பாட்டுலயே சேத்துக்கிட்டே, வீட்டுல சேத்துக்க மாட்டியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா என்னைத்தான் பார்த்தாள். நான் டீ கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். அப்படித்தான் அப்பாவை அவள் தலையில் கட்டினோம்.

இந்த வருடம் பாட்டுக்கு நாற்பது வயது. புதிதாகத் துலக்கி வெளியிடப் போகிறோம் என்று கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணி கூப்பிட்டார். பழைய டேப்புகளுக்குப் பொறுப்பானவர். கிடங்கில் எங்கள் டேப் கிடைத்துவிட்டதாம், ஈரம் ஏறிப் பிசுபிசுத்துப் போயிருந்ததை மிதமான சூட்டில் வாட்டி எடுத்தாராம். "அதோட வெட்டின நாலாவது பகுதியும் இருக்கு சார். உங்க அக்கா குரல்தானே? அவங்களையும் கூட்டிட்டு வாங்களேன்" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன், அதற்குள் அவர் அக்காவையே நேராகக் கூப்பிட்டுவிட்டார்.

காலை பத்து மணிக்கு ஸ்டுடியோவில் கூடினோம். தொண்டைக்கு இப்போது இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இடிக்கு ஒரு காது போய்விட்டது, நல்ல காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி உட்கார்ந்தான். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நடு நாற்காலியில் இருந்தாள். டேப் சுழன்றது. டிரம்ஸ் பதினொன்று எண்ணியது. முப்பது வயது அக்கா பேசினாள். எழுபது வயது அக்காவின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன.

முடிந்ததும், "நல்லா இருக்கேடா" என்றாள் என்னிடம், ஏதோ தன்னுடையதே இல்லாததுபோல. பிறகு அந்தப் பெண்மணியைப் பார்த்து, "இப்ப எடம் இருக்குமா?" என்று கேட்டாள்.

"இப்பல்லாம் எடப் பிரச்சினையே இல்லம்மா. எத்தனை நிமிஷம் வேணாலும் போடலாம். இவங்க மூணு பேரும் சரின்னு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"போடுங்கப்பா" என்றாள் அக்கா. "நான் ஒங்ககிட்ட வேற எதுவும் கேட்டதில்ல."

தொண்டை போட்டான். இடி படித்துப் பார்க்காமலே போட்டான். பேனா என்னிடம் வந்தது.

"அப்பா உசுரோட இருக்கார்க்கா" என்றேன். "தொண்ணூத்தி மூணு வயசு. இதைக் கேட்டாத் தாங்குவாரா? அவர் காலத்துக்கு அப்புறம் பாத்துக்கலாமே."

பரிவோடுதான் சொன்னேன், அந்தக் குரல் எனக்கு எப்போதும் நன்றாக வரும். உள்ளே ஓடிய கணக்கு வேறு. மகள் மன்னிக்கவே இல்லை என்று ஊருக்குத் தெரிந்தால், பிறகு அப்பா எதற்கு அவள் வீட்டில் இருக்க வேண்டும்? மிச்சமிருப்பது என் வீடுதான். நாலு அறை.

அக்கா மேசைமேல் இருந்த டேப் பெட்டியைச் சும்மா கையில் எடுத்தாள். மூடியில் பழுத்துப்போன ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. படித்தாள். கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். 'நான்காம் பகுதியை எடுத்துவிடவும். இரண்டாம் பகுதியில் கீபோர்டு முழுதாக இருக்கட்டும்.' என் கையெழுத்து. வெட்டுகிற பொறியாளருக்கு நான் எழுதிக் கொடுத்தது. கிழித்துப் போட்டிருப்பார்கள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"கம்பெனி வெட்டுச்சுன்னு சொன்னியே" என்றாள்.

"கம்பெனியா? இவன்தானே..." என்று ஆரம்பித்த தொண்டை, என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். என் முகத்தில் ஈ ஆடவில்லை.

"அப்பாவாவது என் நல்லதுக்குன்னு சொன்னார்" என்றாள் அக்கா. "நீ எதுக்குடா செஞ்சே?"

"அஞ்சு நிமிஷம்க்கா" என்றேன். எட்டு மாதச் சாதகம், காய்த்த விரல்கள், எதுவும் அந்த அறையில் சொல்லும்படி இல்லை.

அவள் கையெழுத்துத் தாளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "அப்பா தாங்குவாரான்னுதானே ஒன் கவலை? வா, அவரையே கேட்டுடலாம்."

அக்கா வீட்டில் அப்பா ஜன்னலோர நாற்காலியில், மடியில் மாத்திரை டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். கால் தளர்ந்துவிட்டது, கண் மங்கிவிட்டது, காது மட்டும் பாம்புக் காது. அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, நான் ஒங்களை மன்னிக்கல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல."

நான் அவர் நாற்காலியின் பின்னால், விழுந்தால் பிடிக்கத் தயாராக நின்றேன். அப்பா விழவில்லை.

"தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"புத்தகம் வந்த வாரமே வாங்கிப் படிச்சேனே. கடைசி மூணு பக்கத்தை ரெண்டு தரம் படிச்சேன். ரெண்டு நாள் சாப்பிடல. அதுக்கப்புறம் இந்தப் பாட்டு வந்துச்சு. ஊரே நீ மன்னிச்சிட்டேன்னு சொல்லுது. நான் எதுக்கு இல்லேன்னு சொல்லணும்?"

அக்கா அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், ஏதாவது ஆறுதல் சொல்லி ஒப்பேற்றியிருப்பேன். அவள் உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்து, அவருடைய சட்டைகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். ஒன்பது வருடம் துவைத்து மடித்த கை, இப்போதும் ஒரு சுருக்கம் விழாமல் மடித்தது.

"காலையில வெள்ளை மாத்திரை. சாப்பாட்டுக்கு அப்புறம் மஞ்சள். குளிக்கிறப்ப பக்கத்துல நில்லு, வழுக்கி விட்டுடும்" என்றாள் என்னிடம். "மொதல்ல கையெழுத்தைப் போடு. போட்டுட்டு இவரைக் கூட்டிட்டுப் போ."

அவளுடைய சாப்பாட்டு மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். காரில் ஏற்றும்போது அப்பா திரும்பிப் பார்த்தார். அவள் வாசல் வரை வரவில்லை.

பாட்டு முழுதாக வெளியாயிற்று. இருபத்தேழு நிமிடம். நாற்பது வருடம் கழித்து அக்காவின் முடிவு உலகத்தின் காதில் விழுந்தது. உலகம் என்ன சொன்னது தெரியுமா? 'கடைசி அஞ்சு நிமிஷத்தைக் கேக்காதீங்க, மூணாவது பகுதியோட நிறுத்திக்குங்க.' 'அழகான பாட்டைக் கெடுத்துட்டாங்க.' 'யார் இந்தப் பொம்பளை, இவ்வளவு கல்நெஞ்சு?' ஒரு புண்ணியவான் அந்தப் பகுதியை நறுக்கிவிட்டு மிச்சத்தை இணையத்தில் ஏற்றினார். அதைத்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். என் கீபோர்டு முழுதாக இருக்கிறது.

அக்காவுக்கு இதெல்லாம் தெரியுமோ என்னவோ. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. கண்ணாடிக்கடைக்குப் போய் விசாரித்தேன். வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாளாம். எந்த ஊர் என்று கடைக்காரருக்குத் தெரியும். என்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

அப்பா என் வீட்டில் இருக்கிறார். வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை, குளிக்கும்போது பக்கத்தில் நான். போன வாரம் ஒரு காலை, புதுப் பாட்டைப் போடச் சொன்னார். வேண்டாம்ப்பா என்றேன், கேட்கவில்லை. போட்டேன். மூன்றாம் பகுதிக்கு வழக்கம்போலத் தலையாட்டினார். நான்காவது தொடங்கியதும் ஆட்டம் நின்றது. மகள் குரல் பேசி முடிக்கும் வரை நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"பழைய பாட்டுல இது இல்லியே. அப்பவே வெட்டினது நீதானா?" என்றார்.

"ஆமாப்பா."

"நல்ல வேளைடா. இது அன்னைக்கே வந்திருந்தா, உங்கம்மா போனப்புறம் நான் எங்க போயிருப்பேன்?"

கையை நீட்டி என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். அந்த வேலைக்காக இந்த நாற்பது வருடத்தில் என்னைப் பாராட்டியவர் அவர் ஒருவர்தான்.